சூடான இன்ஜினும் சந்தேகப் பேர்வழிகளும்

போன சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு மனிதர் என் மினி லாரியின் பானெட்டைத் தூக்கி, இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி. பிறகு கையை எடுத்து ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சூடா இருக்குதே ஸ்வாமி."

"இருக்காதுங்க... ராத்திரி எட்டு மணியிலேர்ந்து நிக்குது."

"நானா பொய் சொல்றேன்? நீங்களே கை வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். டபரா செட்டில் ஆறிக்கொண்டிருக்கும் காபி மாதிரி, இதமான சூடு. வெளியே மார்கழிப் பனியில் என் மூக்கு நுனி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தெருவில் நின்ற ஸ்கூட்டர் சீட்டுகளில் எல்லாம் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. இந்த லாரி மட்டும் கம்பளி போர்த்தித் தூங்கி எழுந்த மாதிரி இருக்கிறது!

எப்படி?

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் வாடகைக் கடை தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்காக: ஆஸ்டின் டவுனில் சாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிறேன். எழுதுவது உபதொழில். இரண்டிலும் பெயர் வாங்கியதில்லை. நாற்காலிகளைக் கொண்டுபோய் இறக்க ஒரு பழைய மினி லாரி. அதை ஓட்டச் சவரிமுத்து. பதினோரு வருஷமாக அவர்தான் டிரைவர். ஸ்ரீராம்புரத்திலிருந்து சைக்கிளில் வருவார். வண்டியோடு பேசுவார். என்னோடு அவ்வளவாகப் பேச மாட்டார்.

டீசல் வண்டி. வெயில் காலத்தில் சமர்த்து. நவம்பர் பிறந்தால் போச்சு. செல்ஃப் அடித்தால் பல்வலிக்காரன் மாதிரி முனகும், அப்புறம் அதுவும் நின்றுவிடும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞானஸ்நான விருந்து. ஏழு மணிக்குள் நாற்காலிகள் போய்ச் சேர வேண்டும். வண்டி கிளம்பவில்லை. தெருவில் பாதி ஆண்கள் வந்து தள்ளினார்கள். பேப்பர் போட வந்தவர் தள்ளினார். கடைசியில் 'நாற்காலி எங்கே' என்று சண்டை போட வந்த குழந்தையின் அப்பா, புதுக் கோட்டோடு தள்ளினார். அந்தக் கோட்டின் முதுகு கிழிந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று எல்லோர் முன்னாலும் டயரை ஓர் உதை உதைத்து, "இந்தச் சனியனை வித்துத் தொலைக்கிறேன், இல்லைன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்று கத்தினேன். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கட்டைவிரலில் நகம் போயிற்று.

அதிசயம் என்னவென்றால், அதற்கடுத்த வாரத்திலிருந்து வண்டி ஒரே செல்ஃபில் கிளம்ப ஆரம்பித்தது. தினமும். சவரி சாவியைத் திருப்புவார், அது 'டுர்ர்' என்று எழுந்துகொள்ளும். நான் என்ன நினைத்தேன்? திட்டினால் திருந்துகிறது என்று நினைத்தேன். வீட்டில் யாரையும் திட்டி இந்த மாதிரிப் பலன் கண்டதில்லை என்பதால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனாலும் விற்பது என்று சொன்னது சொன்னதுதான். தெரிந்தவர் ஒருவர் மூலம் அடுகோடியில் கேரேஜ் வைத்திருக்கும் ரங்கப்பாவுக்கு, விலையும் பேசிச் சொல்லி அனுப்பினேன். அவர்தான் அந்தச் சனிக்கிழமை உள்ளங்கை.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். குளிர்காலத்தில், விடியற்காலையில் வருவார்கள். முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பார்கள். சில்லென்று இருக்க வேண்டும். சில்லென்ற இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்தால்தான் வண்டியின் உண்மையான வயசு தெரியும். அதனால் விற்கிறவர்கள் ஆள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி, ஒன்றும் தெரியாத மாதிரி நிறுத்தி வைப்பார்களாம்.

"இந்த டிராமா நான் இருபது வருஷமா பாக்கறேன் ஸ்வாமி," என்றார் ரங்கப்பா. கன்னடக்காரர். தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவார்.

"சத்தியமா நான் தொடவே இல்லைங்க. இப்பத்தான் எழுந்தேன். பல்லுகூட விளக்கலை."

"அது தெரியுது." ஓர் அடி தள்ளி நின்றார். "இன்னொரு நாள் வர்றேன். எந்த நாள்னு சொல்ல மாட்டேன்."

போய்விட்டார். நான் நடுத்தெருவில் நின்றேன். வாழ்க்கையில் எத்தனையோ ஃபிராடு வேலை செய்ய வாய்ப்பு வந்தும் பயத்தினாலேயே செய்யாமல் விட்டவன். கடைசியில், செய்யாத ஒன்றுக்கு மாட்டிக்கொண்டேன்.

உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்களே போய் சூடு பண்ணிட்டு வந்து படுத்துக்கிட்டீங்களா?"

"நான் பண்ணலைடீ."

"ராத்திரி தூக்கத்துல நடக்கிற வியாதி இருக்கா உங்களுக்கு?"

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நீ பார்த்ததில்லையா?"

"நான் தூங்கிடுவேனே."

ஆறரை மணிக்குச் சவரி வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். வண்டியை யாராவது எடுத்தார்களா என்று கேட்டேன். "நான் இப்பத்தானே சார் வரேன்," என்றார். கேட்டதற்குப் பதில்தானா அது? அப்போது தோன்றவில்லை. இன்னொன்றும் தோன்றவில்லை: இப்பத்தான் வந்த சைக்கிளின் சீட்டில் எப்படி அவ்வளவு பனி?

அன்று முழுக்க எனக்குள் ஒரு போலீஸ் ஸ்டேஷன் திறந்திருந்தது. இன்ஜின் சூடு என்றால் வண்டி ஓடியிருக்கிறது. ஓடியிருக்கிறது என்றால் யாரோ எதையோ ஏற்றியிருக்கிறார்கள். எதை? கள்ளச்சாராயமா? சந்தனக் கட்டையா? வண்டிச் சாவி என்னிடம் ஒன்று, சவரியிடம் ஒன்று. பதினோரு வருஷமாக அதிகம் பேசாத ஒரு மனிதர்... அதிகம் பேசாதவர்கள் எதற்காகப் பேசுவதில்லை? மறைக்க ஏதோ இருப்பதனால்தானே? இன்ஸ்பெக்டர் கேட்பதும் நான் பதில் சொல்வதுமாக மனசுக்குள் ஓடியது.

"வண்டி உன்னுதா?"

"ஆமாங்க."

"என்ன ஏத்துவே?"

"நாற்காலிங்க."

"நாற்காலிக்கு அடியில?"

"...மேடைக்குப் போடற ஜமுக்காளங்க."

"அதுக்கும் அடியில?"

இந்த இடத்தில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்து வியர்த்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் சவரி போனதும், நான்கு டயருக்கும் தரைக்கும் சேர்த்துச் சாக்பீஸால் கோடு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். கோடு போட்டது போட்டபடி இருக்கிறது. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. இன்ஜினைத் தொட்டேன். சூடு!

அதாவது, ஓடாமலே சூடாகிறது. குனிந்து பார்த்தேன். வண்டிக்கு அடியில், நிலக்கடலை வறுத்த இடம் மாதிரி கொஞ்சம் சாம்பல். சாம்பல், எலுமிச்சம்பழம், மண்டையோடு என்று என் புத்தி தானாகவே மற்றதையும் சேர்த்துக்கொண்டது. யாரோ என் வியாபாரத்துக்குச் செய்வினை வைக்கிறார்கள். சாமியானா தொழிலில் எனக்கு அந்த அளவுக்குப் பொறாமைப்பட ஆள் இருக்கிறதா என்று யோசித்தேன். ஒருவரும் இல்லை என்பது கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை நான்கரை. மங்கி கேப், மனைவியின் சால்வை, டார்ச், பிள்ளைகளின் ஸ்போர்ட்ஸ் டே விசில். விசிலை வாயில் வைத்துக்கொண்டு லாரியின் பின்பக்கம் ஏறி, சுருட்டி வைத்திருந்த சாமியானாத் துணிக்குள் புகுந்துகொண்டேன். காவல் இருக்கிறவன் கண் அயரக் கூடாது. அது எல்லோருக்கும் தெரியும். சாமியானாத் துணி இவ்வளவு கதகதப்பாக இருக்கும் என்பது யாருக்குத் தெரியும்?

நல்ல தூக்கம். நடுவில் புகை வாசனை. விழித்தேன்.

புகை! வண்டி எரிகிறது!

எழுந்து குதிக்கப் பார்த்தேன். காலில் துணி சுற்றிக்கொண்டது. துணியோடு சேர்ந்து பின்பக்கமாகத் தெருவில் விழுந்தேன். கலர் கலராகக் கோடு போட்ட ஏதோ ஒன்று லாரியிலிருந்து விழுந்து நெளிவதை நீங்கள் பார்த்தால் என்ன செய்வீர்கள்? எதிரில் கம்பளி போர்த்திய ஓர் உருவம், ஜாக்கி லீவரை ஓங்கிக்கொண்டு நின்றது.

"யார்றா அது? பேட்டரி திருடவா வந்தே?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் விசில் இருந்ததால் விசில்தான் வந்தது. தெருநாய்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. டார்ச்சை என் முகத்திலேயே அடித்துக் காட்டினேன்.

லீவர் கீழே இறங்கியது.

"சார்...?"

சவரி.

வண்டிக்கு அடியில், இன்ஜினின் ஆயில் சேம்பருக்கு நேர் கீழே, ஓட்டை போட்ட ஒரு பழைய பெயிண்ட் டப்பா. அதற்குள் கனன்றுகொண்டிருக்கும் கரி. முனையில் இருக்கும் டீக்கடையில் அடுப்பு பற்ற வைத்ததும், இரண்டு கரண்டி கங்கு வாங்கி வந்து வைப்பாராம். குளிரில் கெட்டியாகிப் போன ஆயில் இளகிவிடும். அப்புறம் ஒரே செல்ஃப்தான். வண்டி கிளம்பும் என்று தெரிந்ததும் டப்பாவை எடுத்து மறைத்துவிட்டு, சைக்கிளை வெளியே விட்டு டீக்கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ஆறரைக்கு அப்போதுதான் வருவது போல வருவார்.

"எத்தனை நாளா இந்த வேலை?"

"ரெண்டு வாரமா சார்."

"ஸ்ரீராம்புரத்துலேர்ந்து எப்பக் கெளம்புறே?"

"மூணே முக்காலுக்கு. ரோட்டுல வண்டி இருக்காது, சீக்கிரம் வந்துரலாம்."

"யோவ், எதுக்குய்யா?"

சவரி லீவரைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"அன்னைக்கு விக்கப் போறேன்னீங்களே சார். ஸ்டார்ட் ஆவலைன்னுதானே விக்கிறீங்க? ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா விக்க மாட்டீங்கன்னு..."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்லே?"

"கரி வெச்சாத்தான் கெளம்புதுன்னு சொன்னா, மறுநாளே வித்துருவீங்க."

உண்மைதான். விற்றிருப்பேன்.

"வண்டி போனா வேற வண்டி ஓட்ட மாட்டியா? லைசென்ஸ் இருக்கில்ல?"

"இந்த வயசுல யார் சார் கூப்பிட்டு வேலை குடுப்பாங்க? இப்பல்லாம் ஆபீஸ் வண்டி ஓட்டத்தான் ஆள் கேக்குறாங்க. இங்கிலீஷ் தெரியணுமாம், ஷூ போடணுமாம். பெரியவளுக்கு இந்த வருஷந்தான் காலேஜ்ல சீட்டு கெடச்சிருக்கு." லீவரைக் கீழே வைத்துவிட்டு, "அதை விடுங்க சார். நீங்க எதுக்கு உள்ள படுத்திருந்தீங்க?" என்றார்.

செய்வினையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ரங்கப்பா வந்துவிட்டுப் போன விஷயத்தைச் சொன்னேன். சவரிக்கு அது தெரியாது. விற்கக் கூடாது என்று அவர் வைத்த சூடே, விற்கவிடாமல் செய்திருக்கிறது. அதற்காக அவர் சந்தோஷப்படவும் இல்லை. "உங்களுக்குக் கெட்ட பேரு ஆயிடுச்சா சார்?" என்று அதையேதான் இரண்டு தடவை கேட்டார்.

"இனிமே கரி வைக்காதே," என்றேன். "அந்த ஆள் மறுபடி வருவார். வண்டி எப்படி இருக்கோ அப்படியே பார்க்கட்டும்."

சரி என்று தலையாட்டினார். உள்ளே வந்து படுத்த பிறகுதான் எனக்கு அடுத்த சந்தேகம் பிறந்தது. வண்டி கிளம்பினால் விற்றுப்போகும். கிளம்பாவிட்டால் ரங்கப்பா வேண்டாம் என்று போய்விடுவார், சவரியின் வேலை நிலைக்கும். அப்படியானால் சவரி என்ன செய்வார்? ஒரு ஒயரைக் கழற்றிவிட எவ்வளவு நேரம் ஆகும்? நானாக இருந்தால் இரண்டு ஒயர் கழற்றுவேன்.

புதன்கிழமை ஆறு மணிக்கு ரங்கப்பா வந்தார். ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டிருந்த சவரி, அக்குளில் கையைச் செருகிக்கொண்டு சுவரோரமாக நின்றார். ரங்கப்பா பானெட்டைத் தூக்கி உள்ளங்கையை வைத்தார். ஐஸ். புறங்கையை வைத்தார். குனிந்து அடியில் பார்த்தார். என்னையும் ஒருமுறை முகர்ந்து பார்ப்பாரோ என்று நினைத்தேன்.

"இன்னைக்கு சரியா இருக்கு. சாவி குடுங்க. நானே பாக்கறேன்."

"எங்க டிரைவர் இருக்காரே..."

"வேண்டாம் ஸ்வாமி. உங்க ஆள் கை வைக்கக் கூடாது."

ஏறி உட்கார்ந்தார். இன்ஜினைச் சூடேற்றும் ஹீட்டர் ஸ்விட்சை ஒரு நொடி அழுத்தினார், செல்ஃப் அடித்தார். கிர்ர்ர்... கிர்ர்... கிர். மறுபடி. கிர்ர்... கி. மறுபடி, மறுபடி, மறுபடி. பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. நான் சவரியைப் பார்த்தேன். அவர் கண் வண்டி மேலேயே இருந்தது. ஒவ்வொரு 'கிர்'ருக்கும் அவர் தோள் ஒருமுறை குலுங்கிற்று, யாரோ அவரைத் தெருவில் வைத்து அடிக்கிற மாதிரி.

ரங்கப்பா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது வண்டி இல்லே ஸ்வாமி. எடைக்குப் போடுங்க."

அவ்வளவுதான். வேலை காப்பாற்றப்பட்டுவிட்டது. சவரி சும்மா நின்றால் போதும்.

"எறங்குங்க," என்றார் சவரி.

"என்னப்பா?"

"எறங்குங்கன்னேன். அதை இப்படி அடிச்சா எப்படிக் கெளம்பும்? உங்களை நாலு மணிக்கு எழுப்பி முதுகுல குத்துனா நீங்க எந்திரிப்பீங்களா?"

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ரங்கப்பாவும் இறங்கிவிட்டார்.

சவரி ஏறினார். எதையும் தொடவில்லை. "பேட்டரி கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்," என்றார். ஐந்து நிமிஷம் மூன்று பேரும் காத்துக்கொண்டு நின்றோம். பிறகு ஹீட்டர் ஸ்விட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் முணுமுணுத்தார். ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் முழுதாக முடியும் வரை விரலை எடுக்கவில்லை. அப்புறம் இன்னொன்று. ஹீட்டருக்கு அதுதான் அவருடைய கடிகாரம் என்று பதினோரு வருஷத்தில் நான் கவனித்ததே இல்லை. கிளட்சை முழுக்க மிதித்தார். ஆக்ஸிலேட்டரில் பாதிக் கால். செல்ஃப்.

கிர்ர்... டுக்... டுக்... டுர்ர்ர்ர்ர்.

வெள்ளைப் புகை தெருவை மறைத்தது. புகை விலகியபோது ரங்கப்பாவின் முகம் மாறியிருந்தது.

"சரி ஸ்வாமி. எடுத்துக்கறேன்."

சவரி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். இன்ஜினை நிறுத்தாமலே மெதுவாக இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. எதையோ தேடுகிற மாதிரி கம்பளியை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"விக்கிறதா இல்லைங்க," என்றது ஒரு குரல். அது என்னுடையது.

"ஏன்?"

"இல்லைங்க. வேணாம்."

ரங்கப்பா கண்ணைச் சுருக்கினார். பேசி வைத்ததைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். இல்லை என்றேன். இன்னும் கூட்டினார். அந்தத் தொகையை மனசுக்குள் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். ஆனாலும் இல்லை என்றேன்.

"பெரிய ஆள் ஸ்வாமி நீங்க. முதல்ல சூடு பண்ணி ஏமாத்தப் பாத்தீங்க. இப்ப விக்க மாட்டேன்னு சொல்லி வெலை ஏத்தறீங்க. வேற பார்ட்டி வந்திருக்கானா?"

"டிரைவருக்காகத்தாங்க," என்றேன். இதைவிடப் பெரிய பொய்யைத் தன் சர்வீஸில் கேட்டதில்லை என்பது போலச் சிரித்துக்கொண்டே போனார்.

நானும் சவரியும் இன்ஜின் சத்தத்தில் நின்றோம்.

"எனக்காகவா சார் விக்கலை?"

"ஆமாய்யா."

அவர் பானெட்டை இறக்கி மூடினார். "ஆர்.சி. புக்குல ஏதாவது பிரச்னையா சார்?"

இந்த ஊரில் நீங்கள் ஒருவரைக் கவிழ்த்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. உலக வழக்கம் என்று விட்டுவிடுவார்கள். தப்பித்தவறி ஒரு நல்ல காரியம் செய்து பாருங்கள், விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். நானும் அந்தக் கமிஷனில் மெம்பர்தான். ஒரு மனிதன் மூணே முக்காலுக்குக் கிளம்பி குளிரில் சைக்கிள் மிதித்து வந்து என் வண்டிக்குக் கணப்பு வைத்தான். நான் அவனுக்குச் சாராயம் கடத்தத் தெரியுமா என்று கணக்குப் போட்டேன்.

வீட்டுக்குள் போனேன். மனைவியிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கடைசித் தொகை உட்பட. அவள் சட்டினியைத் தாளித்து முடித்தாள்.

"சவரிக்காகத்தான் விக்கலைன்னு சொல்றீங்க. சரி. நெஜமான காரணம் என்ன?"

நானும் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்... எனக்கே சந்தேகமாக இருக்கிறது.